விட்டுப்போன பூஜ்ஜியத்தை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ‘அதிசய எண்’ என்று தலைப்புப் போட்டு, ஒரு பெரிய எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, சுற்றிலும் கோலம் மாதிரி நட்சத்திரமெல்லாம் வரைந்து வெளியிட்டிருந்தீர்கள். அந்த எண்ணில் ஒரு பூஜ்ஜியத்தைக் காணோம். நீங்கள் போட்டது 24 இலக்கம், உண்மையான எண்ணுக்கு 25 இலக்கம். சரியான எண் இது:

36085 28850 36840 07860 36725

எண்ணிப் பார்க்க வசதியாக ஐந்தைந்தாகப் பிரித்திருக்கிறேன், மற்றபடி இது ஒரே எண்தான். 36840 முடிந்து 07860 தொடங்கும் இடத்தில் இரண்டு பூஜ்ஜியம் ஒட்டி வருகிறது பாருங்கள், அதில் ஒன்றைத்தான் உங்கள் அச்சு விழுங்கிவிட்டது.

ஒரு பூஜ்ஜியத்துக்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீசில் பச்சை இலைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பூஜ்ஜியம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை இலை போட்ட விவசாயி ஜன்னல் பக்கம் வந்து நின்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போவார். அதனால் கண் தானாக அங்கே போய்விடுகிறது. ஆனால் எழுத வைத்தது அது மட்டும் இல்லை. எண்ணுக்குக் கீழே நீங்கள் போட்டிருந்த குறிப்புதான். இந்த எண் எல்லா எண்களாலும் வகுபடுமாம், கணினிக்கே இதன் ரகசியம் பிடிபடவில்லையாம், இலக்கங்களைக் கூட்டினால் 2 வருவதால் சந்திரனின் ஆதிக்கமாம், எழுதிப் பூஜை அறையில் வைத்தால் மனம் அமைதியாகுமாம்.

முதலாவதற்கு ஒரு வரியே போதும். 5இல் முடிகிற எண் 2ஆல் எப்படி வகுபடும்? 3ஆலும் வகுபடாது, இலக்கங்களைக் கூட்டினால் 110 வருகிறது, 110 மூன்றின் மடங்கு இல்லை. மூன்றாவதைப் பற்றியும் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது: 110ஐக் கூட்டி 1+1+0=2 என்று சந்திரனிடம் போனார்கள் அல்லவா, நீங்கள் பூஜ்ஜியத்தை விட்டு அச்சிட்ட எண்ணைக் கூட்டினாலும் அதே 110, அதே 2, அதே சந்திரன். அந்த ஜோதிடத்துக்குப் பூஜ்ஜியம் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று. அந்த எண்ணின் சொந்தக் கணக்கு அப்படி விட்டுவிடாது, எந்த இடத்தில் எது போனது என்று விரல் வைத்துக் காட்டும். இதை உங்கள் வாசகர்களுக்கு, முக்கியமாக அந்த இணைப்பைப் படிக்கிற பிள்ளைகளுக்கு, யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்ணின் குணம் இதுதான். முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தால் 36, அது 2ஆல் வகுபடும். முதல் மூன்று 360, 3ஆல் வகுபடும். முதல் நான்கு 3608, 4ஆல் வகுத்தால் 902. முதல் ஐந்து 36085, 5ஆல் 7217. 360852ஐ 6ஆல் வகுத்தால் 60142. 3608528ஐ 7ஆல் வகுத்தால் 515504. இப்படியே எட்டு இலக்கம் 8ஆல், ஒன்பது இலக்கம் 9ஆல் என்று ஒரு படிகூடத் தவறாமல் போய், முழு 25 இலக்கமும் 25ஆல் வகுபடும், எங்கேயும் மீதி கிடையாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு செக்போஸ்ட் இருந்து, ஏழாவது வளைவில் ஏழால் சோதிப்பார்கள், பதினேழாவதில் பதினேழால் சோதிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லட்டியில் மொத்தம் 36 வளைவு, இந்த எண்ணும் 36இல்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உங்கள் ஜோதிடர் பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரி எண்களை ஆங்கிலத்தில் ‘பாலிடிவிசிபிள்’ எண்கள் என்பார்கள். நமது பத்தடிமான முறையில் இப்படிப்பட்டவை மொத்தம் 20,456 இருக்கின்றன. அதில் ஆகப் பெரியது இதுதான். 25 இலக்கத்தில் இது ஒன்றே ஒன்று, 26 இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எவ்வளவு பெரியது என்றால், கோடி கோடி கோடி என்று மூன்று தரம் சொல்லி, அதில் மூவாயிரத்து அறுநூற்று எட்டு எடுக்க வேண்டும். எனக்குக் கிலோவில்தான் எதுவும் புரியும். பூமியின் மொத்த எடையைக் கிலோவில் எழுதினால் கிட்டத்தட்ட 6க்குப் பின்னால் 24 பூஜ்ஜியம், நம் எண் அதில் பாதிக்கு மேல், சுமார் அறுபது சதவீதம் வந்துவிடுகிறது.

இப்போது காணாமல் போன பூஜ்ஜியத்துக்கு வருகிறேன். உங்கள் அச்சில் இருக்கிறபடி முதல் 15 இலக்கம் 360852885036840, அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பதினாறாவது இலக்கமாக 7 வந்து நிற்கிறது. 16ஆல் வகுபட வேண்டிய எண் ஒற்றைப்படையில் முடியுமா? முடியாது. பேனாவை எடுக்கவே வேண்டாம், பார்த்ததும் தெரிந்துவிடும். சரி, தப்பு அங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்? 16க்குக் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்தால் போதும். அது 840 என்று வந்து, அடுத்து ஒரு இலக்கம். 8400ஐ 16ஆல் வகுத்தால் 525, மீதியில்லை. அடுத்து 16ஆல் வகுபடுவது 8416, அங்கே போக 16 கூட்ட வேண்டும், ஒரு இலக்கத்துக்குள் 16 அடங்காது. ஆக அந்த இடத்தில் 0 மட்டும்தான் இருக்க முடியும், 1 முதல் 9 வரை வேறு எதற்கும் இடமில்லை. மூலப்பிரதி கையில் இல்லாமலே பிழை திருத்தியாயிற்று.

இது பதினாறாம் இடத்துக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. பதினோராம் இடத்திலிருந்து கடைசி வரை எல்லா இடத்துக்கும் இதே கதைதான். 11ஆல் வகுபடுகிற எண்கள் பதினொன்று பதினொன்று தள்ளித்தான் வரும், இலக்கங்களோ 0 முதல் 9 வரை பத்துதான், அதனால் ஒரு இடத்தில் ஒன்று பொருந்தும், இல்லாவிட்டால் ஒன்றும் பொருந்தாது, இரண்டு பொருந்துவதற்கு வழியே இல்லை. பத்தாம் இடம் எப்படியும் 0. அப்படியானால் முதல் ஒன்பது இலக்கத்தை மட்டும் சொன்னால் போதும், மிச்சம் பதினாறு இலக்கமும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 360852885, இவ்வளவுதான் விதை. செய்து பார்க்கலாம். 3608528850 என்று பத்தாக்கி, கடைசியில் ஒரு 0 போட்டு 11ஆல் வகுத்தால் மீதி 8, இன்னும் 3 வேண்டும், எனவே 3. அடுத்தது 12, அதாவது 4ஆலும் வகுபட வேண்டும் 3ஆலும் வகுபட வேண்டும். 4க்கு 32 அல்லது 36இல் முடிய வேண்டும், இலக்கங்களின் கூட்டுத்தொகை இதுவரை 48, அதனால் 2 போட்டால் 3க்கு ஆகாது, 6 போட்டால் ஆகும். ஆக 6. அப்புறம் 13க்கு 8, 14க்கு 4, 15க்கு 0, 16க்கு நாம் பார்த்த அந்த 0.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் சும்மா போட்டதில்லை, முன்னால் உள்ள பதினொன்றை வைத்துக் கணக்குப் போட்டு வைத்தது, ஒரு இலக்கம் தப்பாக அடித்தால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதற்காக. அதில் ஒரே ஒரு காவல்காரர்தான். இங்கே பதினோராம் இடத்துக்கு மேல் எல்லோரும் காவல்காரர்கள்.

மாலையில் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பக்கத்து ஹட்டியிலிருந்தும் (படுகர் ஊர்) வருகிறார்கள். உங்கள் இணைப்பைக் கொண்டுவந்ததே அவர்கள்தான். கணினிக்கே பிடிபடாத ரகசியம் என்று போட்டிருந்ததை அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் பிடித்துவிட்டார்கள். 13க்கு அவர்களுக்குப் பிடித்த வழி இது: 3608528850368ஐ வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிப்பது. 368 − 850 + 528 − 608 + 3, விடை −559. 559 என்பது 13 × 43. முடிந்தது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வருவதால் இந்தச் சுருக்கு வழி மூன்றுக்கும் செல்லும்.

17க்கு அப்படிச் சுருக்கு வழி எதுவும் கையில் இல்லை, முழுசாக வகுத்துத்தான் ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டாள். 36இல் 17 இரண்டு தரம், மீதி 2. பூஜ்ஜியத்தை இறக்கி 20, ஒரு தரம், மீதி 3. எட்டை இறக்கி 38, இரண்டு தரம், மீதி 4. நோட்டுப் பக்கத்தில் மேலிருந்து கீழே சாய்வாக இறங்கிக்கொண்டே போகிறது, நடுவில் கரண்ட் போய், ஒரு பையன் செல்போன் வெளிச்சம் பிடித்தான். கடைசிக்கு முந்தின படியில் 120இல் 17 ஏழு தரம், 119 போக மீதி 1. கீழே இறக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு 7. ஒன்றுக்குப் பக்கத்தில் ஏழு, பதினேழு! ஈவு 2122664029628471, மீதி சுத்தமாக இல்லை. அந்தப் பெண் அதை வட்டம் போட்டு வைத்ததைப் பார்த்திருந்தால் மன அமைதிக்குப் பூஜை அறை வேண்டும் என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்தச் செல்போனில் இருக்கிற கால்குலேட்டரில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பல கால்குலேட்டர்கள் இவ்வளவு நீளத்தை வாங்காது. எக்செல் வாங்கிக்கொள்ளும், ஆனால் எண்ணில் முதல் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும், சத்தமே போடாது. கணினிக்குப் பிடிபடாது என்று யாரோ எழுதியதற்கு இதுதான் காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பைத்தான் என்கிற கணினி மொழி தெரிந்த பிள்ளை யாரிடமாவது கொடுங்கள், எவ்வளவு நீளமான முழு எண்ணையும் அது அப்படியே வைத்துக்கொள்ளும், 20,456 எண்களையும் கண் மூடித் திறப்பதற்குள் வரிசையாகக் கொட்டிவிடும்.

அந்த வரிசையிலும் பார்க்கத் தக்கது ஒன்று இருக்கிறது. ஒரு இலக்கத்தில் 9 எண்கள், இரண்டில் 45, மூன்றில் 150, அப்புறம் 375, 750, 1200, 1713, 2227 என்று ஏறி, ஒன்பது இலக்கத்தில் 2492. பத்திலும் அதே 2492, ஏனென்றால் பத்தாம் இடத்தில் எல்லோருக்கும் ஒரு 0 ஒட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதற்கு மேல் இறக்கம்தான், 2225, 2041 என்று சரிந்து, இருபத்து மூன்றில் 6, இருபத்து நான்கில் 3, இருபத்தைந்தில் 1. காரணம் சின்னது. அடுத்து வைக்கப் பத்து இலக்கம் கையில் இருக்கிறது, அதில் ஏழாம் இடத்தில் ஏழில் ஒரு பங்கு தேறும், இருபதாம் இடத்தில் இருபதில் ஒரு பங்குதான் தேறும். பத்து வரை வரவு அதிகம், பத்துக்கு மேல் செலவு அதிகம். இந்தச் சராசரியை அப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 25 இலக்கத்தில் 0.58 எண் இருக்க வேண்டும் என்று வருகிறது. நிஜத்தில் ஒன்று இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, மயிரிழையில் தப்பித்த எண் இது.

எப்படித் தப்பித்தது என்பதுதான் எனக்கு இதில் ஆகப் பிடித்தது. 24 இலக்கத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். 25ஆல் வகுபட வேண்டுமானால் 00, 25, 50, 75 இந்த நான்கில் ஒன்றில் முடிய வேண்டும், அதாவது இருபத்து நான்காவது இலக்கம் 0, 2, 5, 7 இவற்றில் ஒன்றாக இருந்தாக வேண்டும். 24ஆல் வகுபட்டு வந்தவர்கள் இரட்டைப்படையில்தான் முடிவார்கள், ஆகவே 5ம் 7ம் கிடையாது, 0 அல்லது 2 மட்டும்தான். அந்த மூன்றில் இரண்டு 6இல் முடிகின்றன. போயிற்று. ஒன்று மட்டும் 2இல் முடிகிறது, அதற்குப் பின்னால் 5ஐ வைத்தால் நம் எண். சரி, 26? கடைசியில் ஒரு 0 போட்டு 26ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 12 வரும். இன்னும் 14 வேண்டும். பெரிய இலக்கமே 9 என்னும்போது 14க்கு எங்கே போவது? அங்கே நின்றுவிட்டது, இனி இந்தக் குடும்பத்தில் யாரும் பிறக்க வழியில்லை.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன், இது பார்க்க இன்னும் அழகு: 381654729. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தரம் வந்து, இதே போல் படிக்குப் படி வகுபடும். அந்த 2492 பேரில் இப்படி இருப்பது இது ஒன்றுதான். இதையும் நீட்டிப் பார்த்தோம், 3816547290608 என்று 13 இலக்கம் வரை போகிறது, 14ஆம் இடத்தில் 12 கேட்கிறது, அதோடு சரி. அழகில் பெரியவர் நீளத்தில் பாதியிலேயே நின்றுவிட்டார். நீளத்தில் முதலாவதாக வந்ததோ பார்வைக்குச் சாதாரணம், முதல் ஒன்பதில் எட்டே மூன்று தரம், ஐந்து இரண்டு தரம், 1ம் 4ம் இல்லவே இல்லை. முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

உங்களிடம் கேட்பது இது. அடுத்த இணைப்பில் திருத்தம் போடும்போது, ‘அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்’ என்று மூலையில் ஒரு வரி போட்டு முடித்துவிடாமல், எண்ணை முழுசாக, ஐந்தைந்தாகப் பிரித்து, அதன் உண்மையான குணத்தை இரண்டு வரியில் எழுதிப் போடுங்கள். விட்டுப்போன பூஜ்ஜியம் எது என்பதைச் சொல்லாமல், போன வார எண்ணில் எந்த இடத்தில் தப்பு என்று பிள்ளைகளையே கேளுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். பெரிய பிள்ளைகளுக்கு 402852168 என்ற ஒன்பது இலக்கத்தைக் கொடுத்து, இதை எதுவரை நீட்ட முடியும் என்று கேளுங்கள், அது நெடுந்தூரம் போகும், எவ்வளவு என்று இங்கே சொல்லப் போவதில்லை. விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிட வேண்டாம், ஒரு வாரம் விட்டுப் போடுங்கள். எங்களுக்கு மண்சரிவு வந்தால் பேப்பர் மத்தியானம்தான் மேலே வந்து சேரும், அதனால் விடை அனுப்பக் கடைசித் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எண்ணை இரண்டு வரியாக உடைக்க நேர்ந்தால் முதல் வரி முடிகிற இடத்தில் அந்தச் சின்னக் கோடு போட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் அதைக் கழித்தல் குறி என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்